கை சுற்றுகிற கணக்கு: நீந்துகிறவர்களுக்குத் தோள் ஏன் வலிக்கிறது?

சென்னையில் நான் நீந்தப் போகும் குளத்தில், போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளின் காலைப் பயிற்சி ஏழரை மணிக்கு முடியும். சென்ற மே மாதம் ஒருநாள், உடை மாற்றும் அறைக் கண்ணாடி முன்னால் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி ஈரத் தலையை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள். இடது கை தலைக்குப் பின்னால் எளிதாகப் போனது. வலது கை காது வரைக்கும்தான் வந்தது. மீதித் தூரத்துக்கு அவள் தலையைச் சாய்த்துக் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"தோள் வலிக்குதா கண்ணு?" என்று கேட்டேன்.

"லைட்டா இழுக்குது ஆன்ட்டி. லீவு விட்டதுல இருந்து இருக்கு. இங்க எல்லாருக்கும் இருக்கு. நீந்த நீந்தச் சரியாயிடும்னு சார் சொன்னாரு."

வீட்டில் சொன்னாயா என்றதற்குத் தலையை ஆட்டி மறுத்தாள். சொன்னால் போட்டிக்கு அனுப்ப மாட்டார்களாம்.

அந்தப் பிள்ளை சொன்ன மூன்று செய்திகளிலேயே நீச்சல் தோள்வலியின் முழுக் கதையும் இருக்கிறது. எல்லாருக்கும் இருக்கிறது என்பது ஏறக்குறைய உண்மை. லீவு விட்டதிலிருந்து வந்தது என்பதில் காரணம் இருக்கிறது. நீந்த நீந்தச் சரியாகிவிடும் என்பது தவறு. அந்தத் தவறால்தான் இரண்டு வாரத்தில் தீர வேண்டிய வலி இரண்டு வருடம் நீள்கிறது.

"எல்லாருக்கும் இருக்கு"

நீச்சல்காரர்களின் தோள்வலியைத் தனி நோயாகப் பிரித்துப் பெயர் வைத்தவர்கள் கென்னடி, ஹாக்கின்ஸ் என்ற இரண்டு கனடா எலும்பு மருத்துவர்கள். 1974-ல் அவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகு 'ஸ்விம்மர்ஸ் ஷோல்டர்' என்ற பெயர் உலகம் முழுக்க நிலைத்தது.

ஆஸ்திரேலியாவில் 13 முதல் 25 வயது வரையுள்ள 80 முன்னணி நீச்சல்காரர்களைப் பரிசோதித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் 91 விழுக்காட்டினர் தோள்வலி இருப்பதாகச் சொன்னார்கள். 52 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் 36 பேரின் தோளில் ஒரே தசைநாண் பழுதுபட்டிருந்தது. தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டும் கயிறு. வாரத்துக்கு 15 மணி நேரத்துக்கு மேல் நீந்தியவர்களுக்கு இந்தப் பழுது வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு. 35 கிலோமீட்டருக்கு மேல் நீந்தியவர்களுக்கு நான்கு மடங்கு. பழுதுக்கு முதல் காரணம் எவ்வளவு தூரம் நீந்தினார்கள் என்பதுதான் என்று அந்த ஆய்வு சொன்னது.

தூரத்தைக் கைச்சுற்றாக மாற்றிப் பார்த்தால் இது புரியும். 25 மீட்டர் குளத்தின் ஒரு நீளத்தைக் கடக்க, பழகிய நீச்சல்காரருக்குச் சுமார் 20 வீச்சு வேண்டும். ஒரு கைக்குப் பத்து. ஒரு கிலோமீட்டர் என்பது 40 நீளம். ஒரு கைக்கு 400 சுற்று. நாளுக்கு நான்கு கிலோமீட்டர் நீந்தும் பிள்ளைக்கு 1,600. வாரத்தில் ஆறு நாள் என்றால் 9,600. வருடத்தில் 45 வாரம் நீந்தினால் ஒரு கைக்கு மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேல். வேகப்பந்து வீச்சாளர் ஒரு நாளில் 20 ஓவர் வீசினால் ஊரே பாவம் என்கிறது. அது 120 பந்து. நீந்தும் பிள்ளையின் தோள் அதைக் காலை வார்ம் அப்பிலேயே தாண்டிவிடுகிறது.

நடக்கும்போதும் ஓடும்போதும் உடல் எடையைத் தாங்குவது கால். ஃப்ரீஸ்டைலில் உடலை முன்னால் கொண்டுபோவதில் பெரும்பங்கு கைகளுடையது. நடப்பதற்கு ஏற்ப அமைந்த இடுப்பின் வேலையை, எட்டிப் பறிப்பதற்கு ஏற்ப அமைந்த தோளிடம் கொடுத்திருக்கிறோம்.

கரண்டியில் எலுமிச்சம்பழம்

பள்ளி விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடும் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். தோள் மூட்டின் அமைப்பு அதுதான்.

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. எளிதில் வெளியே வராது. ஆனால் காலை எல்லாப் பக்கமும் சுழற்றவும் முடியாது. தோளில் கிண்ணம் மிக ஆழமற்றது, கரண்டி மாதிரி. எந்த நேரத்திலும் பந்தில் மூன்றில் ஒரு பங்கு கூட அந்தக் கிண்ணத்தைத் தொட்டிருப்பதில்லை. அதனால்தான் கை முன்னும் பின்னும் மேலும் கீழும் இவ்வளவு தாராளமாகச் சுழல்கிறது. அதே காரணத்தால்தான் நிலைதடுமாறவும் செய்கிறது.

பந்து நழுவாமல் பார்த்துக்கொள்ள மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. முதலாவது, கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி உள்ள குருத்தெலும்பு வளையமும் மூட்டைப் போர்த்திய சவ்வும். இரண்டாவது, பந்தைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு சிறு தசைகள். இவற்றைச் சேர்த்து ரொட்டேட்டர் கஃப் என்பார்கள். எலுமிச்சம்பழம் உருளாமல் விரல் வைத்துப் பிடிப்பது போன்ற வேலை இவற்றுக்கு. இந்த நான்கில் மேலே ஓடும் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசையின் நாண்தான் ஆஸ்திரேலிய நீச்சல்காரர்களிடம் பழுதுபட்டிருந்தது.

மூன்றாவது ஏற்பாட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முதுகின் மேற்பகுதியில் இருபுறமும் முக்கோணமாகத் தட்டுப்படும் தோள்பட்டை எலும்பு அது. கிண்ணம் அந்த எலும்பில்தான் இருக்கிறது. கரண்டிப் போட்டியில் ஜெயிக்கும் பிள்ளை பழத்தின் அசைவுக்கு ஏற்பக் கரண்டியைச் சாய்த்துக்கொண்டே ஓடும். அதுபோல, கை உயர உயரத் தோள்பட்டை எலும்பும் விலாவின் மேல் சறுக்கி, கிண்ணத்தைப் பந்துக்கு நேராகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைச் சறுக்கி நகர்த்தும் முக்கியத் தசை, விலாவின் பக்கவாட்டில் ரம்பப் பல் போலப் படிந்திருக்கும் செரேட்டஸ் ஆன்டீரியர்.

அமெரிக்க ஆய்வாளர்கள் 1991-ல் நீச்சல்காரர்களின் தோள் தசைகளில் மெல்லிய கம்பிகளைச் செருகி, நீந்தும்போது எந்தத் தசை எப்போது வேலை செய்கிறது என்று பதிவு செய்தார்கள். மற்ற தசைகள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஓய்வெடுத்தன. செரேட்டஸும், ரொட்டேட்டர் கஃப்பில் ஒன்றான சப்ஸ்கேபுலாரிஸும் சுற்று முழுக்க வேலை செய்துகொண்டே இருந்தன. ஓய்வில்லாத ஆள் முதலில் களைப்பது இயல்புதானே. செரேட்டஸ் களைத்ததும் கரண்டி திரும்பாது. பழத்தைப் பிடிக்கும் பாரம் முழுவதும் சிறு தசைகளின் நாண்கள் மேல் விழும்.

நாண் எப்படிப் பழுதாகிறது என்பதில் மருத்துவர்களின் எண்ணம் மாறியிருக்கிறது. தோளின் உச்சியில் கூரை போல நீண்டிருக்கும் எலும்பில் நாண் உரசித் தேய்கிறது, கிணற்றுக் கயிறு கல்லில் உரசுவது போல, என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். உரசலுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் பெரிய காரணம், ஒவ்வொரு நாளும் விழும் சிறு சிதைவுகளை உடல் பழுதுபார்த்து முடிப்பதற்குள் அடுத்த நாள் பாரம் வந்துவிடுவது என்று இப்போது கருதுகிறார்கள். அடைத்து முடிப்பதற்குள் மேலும் மேலும் வாங்கிய கடன் மாதிரி அது சேர்கிறது.

வீச்சில் எங்கே பிசகுகிறது?

எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொரு சுற்றும் எவ்வளவு பாரம் ஏற்றுகிறது என்பது கை போகும் வழியைப் பொறுத்தது. ஃப்ரீஸ்டைலில் கவனிக்க வேண்டியவை இவை.

கட்டைவிரல் முதலில் நுழைவது: உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பி, கட்டைவிரல் முதலில் நீரைத் தொட்டால், தோள் உள்நோக்கித் திருகிய நிலையில் பாரத்தை வாங்குகிறது. நடுவிரல் முதலில் நுழைந்து, உள்ளங்கை கீழ் நோக்கி இருப்பது நல்லது.

கை நடுக்கோட்டைத் தாண்டுவது: வலது கை தலைக்கு முன்னால் இடப்பக்கமாகப் போய் விழுவது. இரண்டு கையும் ரயில் தண்டவாளம் மாதிரி அதனதன் கோட்டில் போக வேண்டும். வலது கை வலது தோளுக்கு நேராக நுழையட்டும்.

உடல் உருளாதது: பலகை மாதிரி நேராகப் படுத்து நீந்தினால், கையை நீருக்கு மேல் எடுக்கத் தோள் ஒன்றே எல்லா வேலையும் செய்ய வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் உடல் பக்கவாட்டில் 30 முதல் 45 டிகிரி வரை உருண்டால் கை தானாக மேலே வரும்.

ஒரே பக்கம் மூச்சு எடுப்பது: எப்போதும் வலப்பக்கமே தலையைத் திருப்பினால் உடலும் ஒரு பக்கமே நன்றாக உருளும். மறுபக்கத் தோள் அதற்கு ஈடுகட்டும். மூன்று வீச்சுக்கு ஒரு மூச்சு என்று பழகினால் இரு பக்கமும் சமமாகும்.

முழங்கை சரிவது: நீருக்குள் இழுக்கும்போது முழங்கை கீழே விழுந்தால் கை நீரைப் பிடிக்காது. பிடிக்காத கையைத் தோள்தான் பலவந்தமாக இழுக்கும்.

பட்டர்ஃபிளையில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் வருவதால் உடல் உருண்டு உதவ வழியில்லை. தோள் ஏற்கெனவே முனகினால் முதலில் நிறுத்த வேண்டிய வீச்சு அதுதான். பேக்ஸ்ட்ரோக்கில் கை தலைக்குப் பின்னால் குறுக்கே போய் விழுவது அதே பிசகு. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் தோளைவிட முழங்கால்தான் அதிகம் அடிபடும்.

கருவிகளும் கணக்கில் சேரும். கையில் மாட்டும் பேடில் நீரை அதிகம் பிடிக்கும்; அந்த அதிகப் பாரம் தோளுக்குப் போகும். கிக் போர்டைக் கை நீட்டிப் பிடித்துக் கால் அடிப்பது தோளுக்கு ஓய்வு என்று பலரும் நினைக்கிறார்கள். நீட்டிய கை தலைக்கு மேல் உயர்ந்து அழுந்தி நிற்பது, வலிக்கிற தோளுக்கு மிக மோசமான நிலைகளில் ஒன்று. வலி இருக்கும்போது போர்டு இல்லாமல் கையை உடலோடு வைத்துக்கொண்டு மல்லாந்து கால் அடிக்கலாம்.

தன் கை எங்கே விழுகிறது என்று நீந்துகிறவருக்குத் தெரியாது. குளத்துக்காரரிடம் அனுமதி கேட்டு, மற்றவர்கள் படத்தில் விழாமல், லேனின் எதிர்முனையிலிருந்து ஒரு நிமிட வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முக்கியமாக, களைத்த பிறகு கடைசிச் செட்டில் எடுங்கள். முதல் செட்டில் எல்லாருடைய கையும் அழகாகத்தான் விழும்.

"லீவு விட்டதுல இருந்து"

தோள் அதிகத் தூரத்தையும் தாங்கும், படிப்படியாக ஏற்றினால். திடீர் ஏற்றத்தைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை.

நம் ஊர் நாட்காட்டி இந்தத் திடீர் ஏற்றத்தை வருடா வருடம் உண்டாக்குகிறது. பிப்ரவரி, மார்ச்சில் தேர்வு. பிள்ளைகள் குளத்துக்கு வருவது குறையும், சிலர் வரவே மாட்டார்கள். தேர்வு முடிந்த மறுநாள் காலை மாலை இருவேளைப் பயிற்சி. ஆறு வாரம் சும்மா இருந்த தோளுக்கு ஒரே வாரத்தில் பத்தாயிரம் சுற்று. அக்டோபர், நவம்பர் மழையில் திறந்தவெளிக் குளங்கள் மூடித் திறக்கும்போதும் இதே கதை.

நாற்பதைத் தாண்டி நீச்சலுக்கு வருகிறவர்களும் இதில்தான் சிக்குகிறார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. வாரம் மூன்று கிலோமீட்டர் நீந்திக்கொண்டிருந்தவள், ஒரு கடல் நீச்சலுக்காக ஒரே மாதத்தில் எட்டுக்குப் போனேன், பேடிலும் வாங்கினேன். ஐந்தாவது வாரம் வலது தோள் இரவில் என்னை எழுப்பியது. வலியோடு இன்னும் மூன்று வாரம் நீந்தினேன். அதன் பிறகு பழைய மூன்று கிலோமீட்டருக்குத் திரும்ப நான்கு மாதம் ஆனது. அந்த மூன்று வாரம் நீந்தாமல் இருந்திருந்தால் நான்கு மாதம் மிஞ்சியிருக்கும்.

பயிற்சியாளர்கள் பலரும் கைக்கொள்ளும் எளிய அளவு ஒன்று உண்டு: சென்ற வாரத் தூரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த வாரம் கூட்டாதீர்கள். இடைவெளிக்குப் பிறகு வந்தால், விட்ட இடத்தில் தொடங்காமல் அதில் பாதியில் தொடங்குங்கள். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். பேடிலையும் அதோடு சேர்க்காதீர்கள்.

குளத்துக்கு வெளியே உள்ளதும் சேரும். ஒற்றைத் தோளில் தொங்கும் புத்தகப்பை, மணிக்கணக்காகக் குனிந்து போன் பார்ப்பது, வலிக்கிற பக்கமே சாய்ந்து தூங்குவது. நீச்சல் மார்புத் தசைகளை நன்றாக வளர்க்கும். முதுகுப் பக்கத்துச் சிறு தசைகள் அதே வேகத்தில் வளர்வதில்லை. அதனால் தோள் முன்னால் சுருண்டு நிற்கும். குனிந்து படிப்பது அதை இன்னும் சுருட்டும்.

"நீந்த நீந்தச் சரியாயிடும்"

வேலை செய்த தசை மறுநாள் கடுப்பது இயல்பு. அது இரு தோளிலும் பரவலாக இருக்கும், இரண்டு நாளில் போகும். பழுதின் வலி வேறு மாதிரி: ஒரு தோளில், பெரும்பாலும் முன்பக்கம் அல்லது உச்சியில், விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் இருக்கும். அது நான்கு படிகளில் ஏறும்.

முதல் படியில், நீந்தி முடித்த பிறகு மட்டும் வலிக்கும். இரண்டாம் படியில் நீந்தும்போதும் வலிக்கும், ஆனால் வேகம் குறையாது. மூன்றாம் படியில் வலியால் வீச்சு மாறும், நேரம் கூடும். நான்காம் படியில் சட்டை மாட்டும்போதும், தலை வாரும்போதும், தூக்கத்திலும் வலிக்கும். கண்ணாடி முன்னால் தலையைச் சாய்த்த அந்தப் பிள்ளை நான்காம் படிக்கு வந்துவிட்டாள். அவள் தாய்க்கும் பயிற்சியாளருக்கும் அது தெரியாது.

முதல் இரண்டு படிகளில் முழு ஓய்வு தேவையில்லை. நாண் நலமாக அளவான பாரம் வேண்டும். முழுதாகப் படுத்துவிட்டால் அது பலவீனமாகும். ஆகவே குறையுங்கள்: தூரத்தைப் பாதியாக்குங்கள், பட்டர்ஃபிளையையும் பேடிலையும் விடுங்கள், கால் பயிற்சியைக் கூட்டுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் நீந்துங்கள். நீந்திய பிறகு துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பதினைந்து நிமிடம் வைத்தால் வலி தணியும்.

வலிக்கு மதிப்பெண் போடப் பழகுங்கள். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்க முடியாதது பத்து. நீந்தும்போது இரண்டு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. அதைத் தாண்டினால் அடுத்த முறை இன்னும் குறையுங்கள். மூன்றாம் படியில் இருந்தால் கை வீசி நீந்துவதை நிறுத்திவிட்டு ஃபிசியோவைப் பாருங்கள். நான்காம் படிக்கு மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள்: பயிற்சிக்கு முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு குளத்தில் இறங்காதீர்கள். மாத்திரை நாணைச் சரிசெய்வதில்லை. எச்சரிக்கை மணியை மட்டும் நிறுத்துகிறது. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் அதனால் கேடு வரலாம். பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது.

வீட்டிலேயே செய்யும் பயிற்சி

வாரம் மூன்று நாள், இருபது நிமிடம் போதும். இவற்றை நீந்துவதற்கு முன்னால் செய்து சிறு தசைகளைக் களைப்பாக்கிவிடாதீர்கள். நீந்திய பிறகோ வேறு வேளையிலோ செய்யுங்கள். எந்தப் பயிற்சியும் கூர்மையான வலி தரக் கூடாது.

ஒன்று: கதவுக் கைப்பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி, பக்கவாட்டில் நில்லுங்கள். சுருட்டிய துண்டை விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்கி, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பி, மெதுவாகத் திரும்ப விடுங்கள். 15 முறை, மூன்று சுற்று. துண்டு கீழே விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று பொருள்.

இரண்டு: சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுங்கள். கை நீண்ட பிறகு இன்னும் ஓர் அங்குலம் சுவரைத் தள்ளுங்கள். தோள்பட்டை எலும்புகள் விலகி முதுகு சற்றே வளையும். செரேட்டஸுக்கு உரிய பயிற்சி அந்த ஓர் அங்குலத்தில்தான் இருக்கிறது. இதையும் 15 முறை, மூன்று சுற்று.

மூன்று: குப்புறப் படுத்து, கட்டைவிரல் மேல் பார்க்க, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டித் தரையிலிருந்து சிறிது உயர்த்துங்கள். தோள் காதுப் பக்கம் ஏறக் கூடாது. மூன்று வினாடி நிறுத்தி இறக்குங்கள். 10 முறை, இரண்டு சுற்று.

நான்கு: துண்டைச் சுருட்டித் தரையில் வைத்து, அது முதுகின் மேற்பகுதிக்குக் குறுக்கே வரும்படி மல்லாந்து படுத்து இரண்டு நிமிடம் மூச்சு விடுங்கள். குனிந்து படித்துச் சுருண்ட முதுகு விரியும்.

இதோடு, ஒரு கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து மறுகையால் அணைத்து 30 வினாடி நிறுத்தினால் தோளின் பின்பக்கம் தளரும். ஆனால் சில குளங்களில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் இரு கைகளையும் பின்னால் பிடித்து இழுத்துவிடுவதைப் பார்க்கிறேன். அதை நிறுத்த வேண்டும். அது தசையைத் தளர்த்துவதைவிட மூட்டின் முன்பக்கச் சவ்வைத்தான் இழுத்து நீட்டுகிறது. கட்டைவிரல் முன்கையைத் தொடும் அளவுக்கு மூட்டு வளையும் பிள்ளைகளுக்குத் தேவை பலம். கூடுதல் வளைவு தேவையில்லை.

பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். நாண் மெதுவாகத்தான் வளரும். வலி போன மறுநாளே பயிற்சியை விட்டுவிடுகிறவர்களுக்கு அது திரும்ப வருகிறது.

எப்போது மருத்துவர்?

தோளில் வலித்தாலும் காரணம் தோளில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நெய்வேலியில் வளர்ந்து அங்கே நீந்தப் பழகிய நீச்சல் வீரர் சஜன் பிரகாஷின் கதை இதற்குச் சான்று. கழுத்தில் வட்டு பிதுங்கியதில் அவருடைய இடது கை பாதிக்கப்பட்டு, பல மாதம் நீந்த முடியாமல் போனது. முறையான சிகிச்சைக்கும் பொறுமையான பயிற்சிக்கும் பிறகு 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 வினாடியில் முடித்து, ஒலிம்பிக் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல்காரர் ஆனார்.

ஆகவே கையில் மரத்துப்போதல், விரல் வரை மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, கையில் பலமின்மை இருந்தால் தாமதிக்காதீர்கள். கையைத் தூக்கவே முடியாதபோதும், மூட்டு நழுவுவதாகத் தோன்றும்போதும், வீக்கமோ காய்ச்சலோ சேரும்போதும், விழுந்து அடிபட்ட பிறகு வலிக்கும்போதும் அப்படித்தான். வளரும் பிள்ளைகளுக்கு மேல்கை எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. அதிலும் பழுது வரலாம். இரண்டு வாரம் குறைத்தும் பிள்ளையின் வலி குறையவில்லை என்றால் காட்டிவிடுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, தோள் இறுகிப்போகும் நோய் வரலாம். அதன் அடையாளம், வேறொருவர் பிடித்துத் தூக்கினாலும் கை உயராது. அதற்குச் சிகிச்சை வேறு. இடது தோள் வலியோடு நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். வலியே இல்லாதவர்களின் தோளிலும் எம்.ஆர்.ஐ.யில் சிறு தேய்மானம் தெரிவதுண்டு. கூரை எலும்பைச் சீவி நாணுக்கு இடம் உண்டாக்கும் அறுவைச் சிகிச்சை முன்பு பரவலாக இருந்தது. பிரிட்டனில் 313 நோயாளிகளிடம் நடத்தி 2018-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், எலும்பைச் சீவியவர்களுக்கும், சீவாமல் துளையிட்டுப் பார்த்துவிட்டு மூடியவர்களுக்கும் பலனில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அவர்கள் நீச்சல்காரர்கள் அல்ல. ஆனாலும் கத்திக்கு முன்னால் சில மாதமாவது முறையான பயிற்சி செய்து பார்க்க வேண்டும் என்பதற்கு இது போதுமான காரணம்.

ஸ்டீராய்டு ஊசி சிலருக்கு வலியை விரைவில் தணிக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் நாணைப் பலவீனமாக்கும். போட்டியில் நீந்துகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: எந்த இடத்தில் போட்டாலும் ஸ்டீராய்டு ஊசி 2022 முதல் போட்டிக் காலத்தில் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. ஊசிக்கு ஒப்புக்கொள்ளும் முன் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும்

பதக்கம் வேண்டும் என்பதில் தவறில்லை. அதிகாலை நாலரைக்கு எழுந்து, பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து வண்டியில் குளத்துக்குக் கொண்டுவரும் பெற்றோரின் உழைப்பை நான் தினமும் பார்க்கிறேன். அந்த உழைப்பு வீணாகாமல் இருக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

பக்கத்துக்கு ஒரு வாரம். ஒவ்வொரு நாளும் மூன்று எண்கள்: எத்தனை மீட்டர் நீந்தினாள், தோள்வலி பத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரம் தூங்கினாள். வலியின் எண் இரண்டு நாள் தொடர்ந்து ஏறினால், மூன்றாம் நாள் மீட்டரின் எண் இறங்க வேண்டும். அந்த நோட்டைப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். ஒரு லேனில் பன்னிரண்டு பிள்ளைகளை ஓட்டும் பயிற்சியாளருக்கு ஒவ்வொரு தோளும் தனித்தனியாகத் தெரிய வாய்ப்பில்லை. நோட்டு அதைக் காட்டிக்கொடுக்கும்.

பயிற்சியாளர்களுக்கு ஒரு சொல். "வலிக்குது சார்" என்று சொல்லும் பிள்ளையைக் கோழை என்று நினைக்காதீர்கள். சொன்னவுடன் மெயின் செட்டைக் கால் பயிற்சியாக மாற்றிக் கொடுங்கள். சொல்லிவிட்டால் போட்டி போய்விடும் என்ற பயம் இல்லாத குளத்தில்தான் பிள்ளைகள் முதல் படியிலேயே வாய் திறப்பார்கள். முதல் படியில் தெரிந்தால் இரண்டு வாரம் குறைத்து நீந்தினால் பெரும்பாலும் போதும். நான்காம் படியில் தெரிந்தால் அந்த வருடமே போய்விடலாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை நீந்துகிறாளா? நாளைக் காலை குளத்திலிருந்து வந்ததும் அவள் தலை முடிவதைப் பாருங்கள். கை தலைக்குப் போகிறதா, தலை கைக்கு வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.